14 சாக்லேட் கௌராமி, ஒரு செம்பு ஃபில்டர்

போன வருஷம் ஆவணிக்கும் கார்த்திகைக்கும் நடுவில் எங்கள் வீட்டு மீன்தொட்டியில் 14 சாக்லேட் கௌராமிகள் செத்துப்போயின. மீனுக்கும் பார்சலுக்கும் மருந்துக்கும் போன பணம் மட்டும் 6,880 ரூபாய். பணத்தை விடுங்கள். ஒவ்வொன்றையும் வலையில் எடுத்து செம்பருத்திச் செடியடியில் புதைக்கும்போது, எதனால் செத்தது என்றே தெரியாமல் புதைத்தேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. சேலத்தில் இந்த மீன் வளர்க்கிற ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது, கேட்க ஆள் இல்லை. அவற்றில் பெரும்பாலானவை சாகக் காரணமானது என்னவோ அத்தனை நாளும் எங்கள் சமையலறைச் சுவரில்தான் மாட்டியிருந்தது.

எனக்கு வெள்ளிக் கொலுசு வேலை. செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை, கன்னங்குறிச்சியில் வீடு. ஆர்டர் சரக்கு கொடுக்கச் சென்னை போகும்போதெல்லாம் ஒரு மணி நேரம் மிச்சம் பிடித்து கொளத்தூர் மீன் கடைகளைச் சுற்றிவிட்டு வருவேன். அப்படி ஒருமுறை, கடையின் பின்பக்கம் இருட்டு மூலையில் இருந்த ஒரு சின்னத் தொட்டியில்தான் இதைப் பார்த்தேன். ஐந்து சென்டிமீட்டர் இருக்கும். பதமாகக் காய்ச்சிய வெல்லப்பாகு நிறம், உடம்பில் குறுக்காக வெளிர்மஞ்சள் கோடுகள், கூரிய மூக்கு. மற்ற மீன்கள் கண்ணாடிக்கு ஓடி வரும். இது இலைக்குப் பின்னால் அசையாமல் நின்று என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையிலேயே நான் விழுந்துவிட்டேன்.

இது மலாய் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ பக்கத்துக் கரிச்சதுப்புக் காடுகளின் மீன். 1860-லேயே இதற்கு அறிவியல் பெயர் வைத்துவிட்டார்கள். அந்தக் காட்டில் நூற்றாண்டுக் கணக்கில் இலையும் கட்டையும் ஊறி, தண்ணீர் கட்டன் சாயா நிறத்தில் இருக்கும், கருநீர் என்பார்கள். சுண்ணாம்புச் சத்து கிட்டத்தட்ட கிடையாது. புளிப்பு ஏற ஏற இறங்கும் பி.எச். அளவு ஐந்துக்கும் கீழே போகும். கடைக்கு வருவதில் பெரும்பாலும் காட்டில் பிடித்தவைதான், எண்ணெய்ப்பனைக்காக அந்தக் காடுகளையும் அழித்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் இந்த மீனை வாங்குகிறவர் அதை உயிரோடு வைத்திருக்கக் கடமைப்பட்டவர் என்று நினைக்கிறேன். முதல் தடவை வாங்கும்போது அந்த எண்ணம் எனக்கு இருந்தது, அறிவுதான் போதவில்லை.

மீன் வாங்குவதற்கு முன்னாலேயே தண்ணீரோடு ஒன்றரை மாசம் மல்லுக்கட்டினேன். வீட்டுக்கு இரண்டு தண்ணீர் வருகிறது. மாநகராட்சிக் குழாயில் மேட்டூர்த் தண்ணீர், கரைந்திருக்கும் உப்பை லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் காட்டும் டி.டி.எஸ். பேனா 290 காட்டியது. போர் தண்ணீர் 1,140. எங்கள் பக்கம் வெள்ளைக்கல் வெட்டும் பூமி, மேக்னசைட் பாறை. பாத்திரத்தில் போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் நிற்கும். சரி, குழாய்த் தண்ணீரையே எடுப்போம் என்று இரண்டடித் தொட்டியில் நிரப்பி, தெருமுனை பாதாம் மரத்தடியில் உதிர்ந்து கிடந்த காய்ந்த இலைகளைப் பொறுக்கி, கழுவிப் போட்டேன். நாட்டு வாதுமை என்பார்களே, அந்த மரம். நாலே நாளில் தண்ணீர் அழகான தேநீர் நிறம். கருநீர் தயார் என்று மகிழ்ந்து பி.எச். பார்த்தால் 7.6. நிறம் மாறினால் தண்ணீர் மாறிவிட்டது என்று அர்த்தமில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட், இலை விடுகிற புளிப்பையெல்லாம் விழுங்கிவிடும். கார்பனேட் போகாமல் நூறு இலை போட்டாலும் பி.எச். இறங்காது.

அடுத்து செய்ததைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் இன்னொருவர் செய்யக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். பட்டறையில் ஆசிட் இருக்கிறது, அதைக் கையாளத் தெரியும். ஒரு வாளித் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டு 5.5-க்குக் கொண்டுவந்தேன். மறுநாள் காலை பார்த்தால் 7.4. மறுபடி விட்டேன், மறுபடி ஏறியது. முதலில் இருந்த கார்பனேட்டை ஆசிட் உடைத்துக் கரியமில வாயுவாக்குகிறது. அந்த வாயு கரைந்திருக்கும்வரை பி.எச். தாழ்ந்து தெரியும். இரவோடு இரவாக வாயு வெளியேறியதும், மிச்சமிருக்கும் கார்பனேட் பி.எச்.சை மேலே இழுத்துவிடும். இந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு மீன் இருந்திருந்தால் அன்றைக்கே போயிருக்கும். போதாக்குறைக்கு டி.டி.எஸ். கொஞ்சமும் குறையவில்லை. ஆசிட் வழியைக் கையிலெடுக்காதீர்கள்.

மிஞ்சியது ஆர்.ஓ. தண்ணீர். வீட்டில் மெஷின் ஏற்கெனவே இருந்தது. அதன் தண்ணீரில் டி.டி.எஸ். 85 காட்டியதும் சர்வீஸ் செய்கிற தம்பியைக் கூப்பிட்டேன். "உள்ளே ஒரு ஸ்க்ரூ இருக்குதுங்கண்ணா. கொஞ்சம் பழைய தண்ணியைக் கலந்து விடும், அப்பத்தான் ருசி வரும்" என்று சொல்லி அதை மூடிவிட்டார். 24-க்கு இறங்கியது. போகும்போது, "இது காப்பர் ஃபில்டர் வச்ச மாடலுங்கண்ணா, தாமிரச் சத்தோட வரும்" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்த ஒரு வரியைக் காதில் வாங்கிக்கொண்டு யோசிக்காமல் விட்டேனே என்று பிறகு எத்தனையோ ராத்திரி நினைத்திருக்கிறேன்.

ஆவணியில் முதல் எட்டு மீன்கள் வந்தன. ஒன்று 400 ரூபாய், பார்சல் 350. இரவு ஆம்னி பஸ்ஸில் போட்டுவிட்டார்கள். காலை ஐந்து மணிக்குப் புதிய பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கினேன். எட்டும் உயிரோடு இருந்தன. வீட்டுக்கு வந்து பையைத் திறந்து, சின்ன ட்யூப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் பையில் விட்டேன். எல்லோரும் அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் சாயங்காலத்துக்குள் மூன்று போயின. மிச்சம் ஐந்தும் இரை எடுக்காமல், துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு, மேல்மட்டத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கின. பத்து நாளில் அவையும் ஒவ்வொன்றாகப் போயின.

அந்த முதல் மூன்றுக்குக் காரணம் பைதான். இது எந்த மீனைப் பார்சலில் வாங்கினாலும் பொருந்தும் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். கட்டிய பைக்குள் மீன் விடும் மூச்சில் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும். மீனின் கழிவும் அதே பையில்தான் சேர்கிறது, ஆனால் பி.எச். தாழ்ந்திருக்கும்வரை அது பெரும்பாலும் அம்மோனியம் என்ற, அதிகம் கெடுதல் செய்யாத வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அம்மோனியம் அம்மோனியாவாக மாறுகிறது. அது விஷம். ராத்திரி முழுக்கப் பயணம் செய்த மீனைத் திறந்த பையில் இரண்டு மணி நேரம் வைத்தால் அந்த விஷத்திலேயே ஊறவைத்ததாகிவிடும். கடைக்காரரிடம் அவருடைய தொட்டியின் டி.டி.எஸ்., பி.எச். இரண்டையும் முன்கூட்டியே கேட்டு, அதே அளவில் ஒரு தனித் தொட்டி தயார் செய்துவையுங்கள். பையைக் கட்டு பிரிக்காமல் இருபது நிமிஷம் மிதக்கவிட்டுச் சூடு சமமானதும், திறந்து, மீனை மட்டும் வலையில் எடுத்து உடனே விட்டுவிடுங்கள். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். உப்பு குறைந்த மென்நீருக்கு இறக்குவதை அதற்குப் பிறகு இரண்டு வாரம் எடுத்துச் செய்யலாம்.

இதைத் தெரிந்துகொண்டுதான் ஐப்பசியில் மறுபடி ஆறு வாங்கினேன். இந்தத் தடவை விலை 450, பார்சல் அதே 350. 25 லிட்டர் தனித் தொட்டியில், மேட்டூர்த் தண்ணீரில் விட்டேன். முதல் வாரம் ஆறும் நன்றாகவே இருந்தன. ஆர்டீமியா என்ற சின்ன உப்புநீர் இறால் வகையின் குஞ்சுகளைத் துரத்தித் தின்றன. எனக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. இரண்டாம் வாரம் ஆர்.ஓ. தண்ணீரைத் தினமும் கொஞ்சமாகக் கலக்கத் தொடங்கினேன். டி.டி.எஸ். இறங்க இறங்க மீன்கள் சுருங்கின. அதே ஒட்டிய துடுப்பு, அதே மூச்சு. கட்டையில் உடம்பைத் தேய்த்தன. டார்ச் அடித்துப் பார்த்தால் உடம்பில் பொன்தூள் பூசியது போல இருந்தது. இந்த மீனுக்கு வெல்வெட் நோய் சீக்கிரம் பிடிக்கும் என்று தெரியும். அதேதான் என்று முடிவு கட்டி, 280 ரூபாய்க்கு நீல நிற மருந்து வாங்கி, புட்டியில் போட்டிருந்த அளவுக்கு விட்டேன். இரண்டே நாள். ஆறும் போய்விட்டன. கடைசி மீன் காலை நான்கு மணிக்குப் போனது, பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அம்மா எழுந்து வந்து, "விடு சாமி, நம்ம ஊரு தண்ணி அதுக்கு ஒத்துக்கல" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. தொட்டியைக் கழுவி மொட்டைமாடியில் கவிழ்த்தேன்.

இப்போது திரும்பிப் பார்த்தால் அந்த ஐப்பசி மீன்கள் எனக்குப் பட்டவர்த்தனமாகவே சொல்லியிருக்கின்றன. கடினமான தண்ணீரில் தேறி இருந்தது, அதற்குப் பிடித்திருக்க வேண்டிய மென்நீரில் போய் வாடுகிறது. அந்த மென்நீரில் என்ன இருக்கிறது என்றுதான் நான் கேட்டிருக்க வேண்டும். நோய்க் குறியைப் பார்த்ததும் மருந்துப் புட்டியைத் தேடுகிற அவசரம் எனக்கு இருந்தது. மருந்து விடுவதற்கு முன் ஒரே ஒரு நாள் பொறுத்து, கடைசியாகத் தண்ணீரில் எதை மாற்றினோம் என்று எழுதிப் பாருங்கள்.

தையில் மாமாவைப் பார்க்க ஏற்காடு போனோம். நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் அவர் மேஸ்திரி. எஸ்டேட் ஓரமாக ஒரு ஓடை, சருகு மக்கித் தண்ணீர் லேசான பழுப்பாக ஓடியது. கையிலிருந்த பேனாவை நனைத்தேன், 38. எனக்குக் கை நடுங்கியது. ஆர்.ஓ.வே வேண்டாம், இருபது கொண்டை ஊசி ஏறி வந்து வாரம் இரண்டு கேன் பிடித்துக்கொண்டு போகலாம் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் ஓடையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "வேண்டாங் கண்ணு. மழைக்கு முன்னாடி மொளகுக் கொடிக்கும் காபிக்கும் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்போம். அத்தனையும் மழையில கழுவிட்டு இங்கதான் வரும். துத்தம் மீனுக்கு ஆகாது. தெளிப்புக்குக் கலக்குற தொட்டித் தண்ணியக்கூட ஓடையில கொட்ட விட மாட்டேன் நான்."

துத்தம் என்றால் மயில்துத்தம், செம்பு உப்பு. நான் செம்பை எடை போட்டு வெள்ளியில் கலந்து உருக்குகிறவன். எத்தனை டச் வெள்ளி என்றால் எவ்வளவு செம்பு சேர்த்தோம் என்பதுதான் கணக்கு. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் சர்வீஸ் தம்பி சொன்ன வரி ஞாபகம் வந்தது. தாமிரச் சத்தோட வரும். ஊருக்கு இறங்குகிற வழியெல்லாம் நான் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த நீல மருந்துப் புட்டியை எடுத்துப் படித்தேன். அதிலும் காப்பர் சல்பேட்.

1,150 ரூபாய்க்கு மீன்தொட்டிக்கான செம்புச் சோதனைப் பெட்டி வாங்கினேன். மேட்டூர்த் தண்ணீரில் ஒன்றும் இல்லை. ஆர்.ஓ. குழாயில் காலையில் பிடித்த முதல் டம்ளர், நிற அட்டையில் 0.5 கட்டத்துக்குப் பக்கத்தில் நின்றது. நான் தொட்டிக்கு வாளி பிடிப்பது தினமும் காலையில்தான், ராத்திரி முழுக்க அந்தச் செம்பு டப்பாவில் தேங்கி நின்ற தண்ணீரில்தான். நமக்கு அதில் பயமில்லை. குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500, வேறு வழியில்லாத இடத்தில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் செம்பு வரை அனுமதிக்கிறது. மீன் செவுளால் மூச்சு விடுகிறது. உடம்புக்கு வேண்டிய உப்பை அந்தச் செவுள் வழியாகத்தான் தண்ணீரிலிருந்து இழுத்துக்கொள்கிறது, செம்பு அந்த வாசலை அடைக்கிறது. கடினத் தண்ணீரில் கால்சியமும் மேக்னீசியமும் செம்போடு போட்டியிட்டு ஓரளவு காக்கும். மென்நீரில் அந்தக் காவல் இல்லை. மீனுக்காக நான் தண்ணீரை எவ்வளவு மென்மையாக்கினேனோ அவ்வளவுக்குச் செம்பு கொடியதாகியிருக்கிறது. டி.டி.எஸ். பேனாவுக்கு இது தெரியாது. 24-க்குள் அரை மில்லிகிராம் எங்கே இருக்கிறது என்று அதற்குப் பிரித்துச் சொல்ல வராது.

அதனால் கருநீர் மீனுக்கு வீட்டு ஆர்.ஓ.வை நம்புகிறவர்கள் முதலில் மெஷினின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். காப்பர், ஆல்கலைன், மினரல் என்று எது எழுதிய டப்பா இருந்தாலும் அது உப்பை வடிகட்டும் மெம்பிரேனுக்குப் பிறகு வருவது, மீனுக்கு ஆகாது. மெம்பிரேனிலிருந்து வரும் சின்னக் குழாயில் ஒரு டி இணைப்பும் வால்வும் போட்டு மீனுக்குத் தனியாக எடுக்கலாம். எனக்கு 180 ரூபாய்தான் ஆனது. கழிவாகப் போகிற தண்ணீரை வாளியில் பிடித்து வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், நல்ல தண்ணீரைவிட அதுதான் அதிகம் வரும். பி.எச்.சுக்கு நிறச்சொட்டு வாங்காதீர்கள், பெரும்பாலும் 6-க்குக் கீழே காட்டாது. பேனா வாங்கி, 4.01, 6.86 கரைசல்களில் மாதம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். உப்பில்லாத தண்ணீரில் அது நிலைக்க நேரமெடுக்கும், இரண்டு மூன்று நிமிஷம் பொறுத்துப் படிக்க வேண்டும்.

மாசியில் மூன்றாவதாக ஆறு வாங்கினேன். பழைய கற்களையும் கட்டையையும் தூக்கிப் போட்டுவிட்டேன், செம்பு ஊறியிருக்குமோ என்ற பயம். புதுத் தண்ணீர், புது இலை. ஆறும் தேறின. பங்குனி முடியும்போது டி.டி.எஸ். 45, பி.எச். 5.2, மீன்களின் கோடுகள் தந்தம் போலத் தெளிந்தன. கண்ணாடி முன் உட்கார்ந்தால் இலைக்குப் பின்னாலிருந்து மெல்ல வெளியே வந்து என் விரலைப் பார்த்தன.

சித்திரை வெயிலில் இன்னொன்று கற்றேன். மாடி அறையில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரிக்குப் போனது. மேலே ஃபேன் வைத்தால் சூடு இறங்கும், ஆனால் இது மேலே வந்து காற்றை விழுங்கும் மீன், மூடிக்குக் கீழே ஈரக்காற்று வேண்டும். மூடியைத் திறந்தால் குதிக்கவும் செய்யும். தொட்டியையே கீழே பூஜை அறைக்குப் பக்கத்து இருட்டறைக்கு இறக்கினேன், 29-இல் நின்றது. இதற்கிடையில் நான் நான்கு நாள் சென்னை போயிருந்தேன். தண்ணீர் வற்றி மட்டம் இறங்கியதைப் பார்த்த அம்மா, மீனுக்குப் பாவம் என்று இரண்டு குடம் போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். நான் வந்து பார்க்கும்போது டி.டி.எஸ். 400-ஐத் தாண்டி, பி.எச். 7.3. ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது, பிழைக்கவில்லை. பைக்குள் நடந்ததேதான் இங்கேயும். ஆறுக்குக் கீழான பி.எச்.சில் கழிவைத் தின்னும் பாக்டீரியா சோம்பி இருக்கும், தொட்டியில் அம்மோனியம் தேங்கியிருக்கும். பி.எச். ஏறியதும் அது விஷமாகிவிடும். இரையை நிறுத்தி, இலை ஊறிய மென்நீரைச் சில மணிக்கொருமுறை பத்தில் ஒரு பங்கு மாற்றி, முதலில் பி.எச்.சை ஏழுக்குக் கீழே கொண்டுவந்தேன். பழைய நிலைக்கு இறக்க ஒன்பது நாள் எடுத்தேன், சட்டென்று இறக்கினால் அதுவும் அடிதான். அம்மா அந்த ஒன்பது நாளும் என் முகத்தைப் பார்க்காமல் சோறு போட்டார். அவருக்குச் சொல்லாமல் போனது என் தப்பு. இப்போது ஊருக்குப் போகும்முன் மீனுக்கான தண்ணீரைக் கேனில் பிடித்து, மஞ்சள் ரிப்பன் கட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் போகிறேன். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே நிற்கும், அதனால் மேல்நிரப்ப எப்போதும் ஆர்.ஓ. மட்டுமே.

இரைக்குக் கொசுப்புழு வளர்க்காதீர்கள். மீன்கள் விரும்பும்தான், ஆனால் டெங்கு ஊரில் வாளியில் புழு வைப்பது அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு ஆபத்து. ஆர்டீமியாவே போதும், ஒரு பாட்டிலும் ஏர் பம்ப்பும் கல்லுப்பும் இருந்தால் ஒன்றரை நாளில் பொரிந்துவிடும்.

இப்போது ஆடி. ஐந்து மீன்கள் இருக்கின்றன. ஒன்பது நாளாகப் பெரிய பெண்மீன் இரை தொடவில்லை. முதல் நாள் பார்த்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது, கை தானாக மருந்து அலமாரிப் பக்கம் போனது. பிறகு டார்ச்சைத் தூரத்தில் வைத்துப் பார்த்தேன். துடுப்பு விரிந்திருந்தது, மூச்சு நிதானம், தாடைக்குக் கீழே மட்டும் ஒரு சின்ன உப்பல். இந்த இனத்தில் தாய்தான் முட்டையை வாயில் சுமப்பது. முன்கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டியிருக்கிறேன். பூஜைக்கு வரும்போது மணியை அடிக்காமல் கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு போகிறார் அம்மா.